‘பிகம்’ என்ற சொல்லும் வெள்ளிக்கிழமைப் பாரைமீனும்

எடுக்கும் எந்தக் காரியத்துக்கும் முன்னே வந்து நிற்கும் விநாயகப் பெருமானை நெஞ்சில் இருத்தி, எங்கள் ஊரைக் காத்து நிற்கும் அம்மனின் பாதங்களைத் தலையில் ஏற்றித் தொடங்குகிறேன்.

தலைமைக் கதிரையில் அமர்ந்திருந்தும், ஒலிபெருக்கி இரைந்தபோது தானே எழுந்து வயரைச் சரிசெய்து தந்த வாசிகசாலைத் தலைவர் திரு. கோபிசங்கர் அவர்களே! வெங்காயத் தோட்டத்து வேலையை வெயிலிடம் ஒப்படைத்துவிட்டு வந்து பின்வரிசைகளை நிரப்பியிருக்கும் பெரியோர்களே! உலையை இறக்கிவைத்து ஓடோடி வந்து, இன்னும் முந்தானையில் கை துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! என்னோடு ஒரே வாங்கில் இருந்து, ஒரே கரும்பலகையைப் பார்த்து, ஒரே பிழையை ஒற்றுமையாக விட்ட வகுப்புத் தோழிகளே! குருநகரிலிருந்து பஸ் மாறி வந்து முன்வரிசையைச் சிறப்பித்திருக்கும் விருந்தினர்களே! எங்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ரீச்சர் டிலக்ஷி அவர்களே! இந்த ரீச்சர் எனக்கு மருமகளும்தான். ஆனால் மேடையில் ரீச்சர் ரீச்சர்தான். மற்றக் கணக்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம். உங்கள் அனைவருக்கும் புத்தூர்ச் செம்மண்ணின் ஈரத்தோடு என் பணிவான வணக்கம்.

மாதர் சங்கத்து ஆங்கில வகுப்பின் நிறைவு விழா இது. ஆளுக்கொரு ஆங்கிலச் சொல்லை எடுத்து, அதன் பொருளைத் தமிழில் பேச வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. எனக்கு முன்னே பேசிய உதயகலா ‘குக்’ என்ற சொல்லை எடுத்தார். அவர் பேசி முடித்தபோது சபையில் பாதிப் பேருக்குப் பசி வந்துவிட்டது. எனக்குக் கிடைத்த சொல் ‘பிகம்’.

பின்னுக்குக் கேட்கவில்லையாம். பி-க-ம். பிகம்! இப்போது கேட்டிருக்கும், அடுத்த ஊர் அச்சுவேலிக்கும் கேட்டிருக்கும்.

பிகம் என்றால் என்ன? அகராதி ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது: ஆகு. பால் தயிர் ஆகும். பிஞ்சு காய் ஆகும், காய் கனி ஆகும். படித்த பிள்ளை படிப்பிக்கிற பிள்ளை ஆகும். நடந்து முடிந்ததென்றால் ‘பிகேம்’ என்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டக் கொஞ்ச நேரம் போதும். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் பொருளை எழுத்துக்கூட்ட எனக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் தேவைப்பட்டன.

பள்ளிக்கூடப் படிப்பை எனக்கு இடப்பெயர்வு இடையில் நிறுத்திவிட்டது. மிச்சத்தைச் சீனி சுற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளிலும், கோவில் விழா மலர்ப் புத்தகங்களிலும், மகன் படித்து எறிந்த கொப்பிகளிலும் நானே தேடிப் படித்தேன். ஆகையால் ஒரு சொல்லைக் கண்டால் எனக்கு அவசரமில்லை. அரிசியில் கல் பார்ப்பதுபோல் ஆற அமரப் பார்ப்பேன். அப்படிப் பார்த்தபோது, பிகமுக்கு அடுத்த வீட்டில் இன்னொரு சொல் குடியிருப்பதைக் கண்டேன். அதன் பேர் ‘சேஞ்ச்’.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பஸ் மாறுகிறோம், அது சேஞ்ச். இறங்கிய பஸ்ஸில் நாங்கள் இல்லை. கோவிலுக்குப் போகச் சீலை மாற்றுகிறோம், அதுவும் சேஞ்ச். களைந்த சீலை கொடியில் கிடக்கும். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று. ஆனால் பிகம்? ஒரு பெண் தாய் ஆகிறாளே, மகள் என்ற சீலையை அவள் எந்தக் கொடியில் களைந்து போட்டாள்? தயிர் வந்ததே, பால் எந்த வாசலால் எழும்பிப் போனது? போகவில்லை, தாய்மாரே! பால் அதற்குள்ளேதான் இருக்கிறது. தயிராக இருக்கிறது!

மாதர் சங்கத்துக் கணக்கு எழுதுகிறவள் நான். என் கொப்பியில் வரவுக்கு ஒரு பக்கம், செலவுக்கு ஒரு பக்கம். பால் தயிரானால் அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது? பால் செலவழிந்து போகவில்லை. தயிர் வெளியிலிருந்து வரவாகவும் இல்லை. எத்தனை கவனமாகக் கோடு அடித்தாலும், இந்தச் சொல்லை எழுத என் கொப்பியில் ஒரு பக்கம் இல்லை!

இது எனக்கு விளங்கியது வகுப்பில் இல்லை. என் வீட்டு முற்றத்தில், ஒரு பாரைமீனால் விளங்கியது.

என்ன சிரிப்பு? ஓம், பாரைமீன்தான். பொறுங்கோ, வாறன்.

என் மகன் நிருஷன் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். அதே இடத்தில் ஆங்கிலம் படிப்பித்த பிள்ளைதான் டிலக்ஷி. குருநகர்ப் பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பம், தகப்பன் செபநாயகம் கடலுக்குப் போகிறவர். நாங்கள் சைவம், தோட்டக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பதிவுத் திருமணம் நடந்தது. மண்டபத்தில் எங்கள் பக்கத்துக் கதிரைகளில் பாதி வெறுமை. அவர்கள் பக்கத்துக் கதிரைகள் முழுதும் வெறுமை. அன்றிலிருந்து தகப்பன் மகளின் பேரை வாயால் சொல்வதில்லை. தகப்பன் சொல்லாத பேரைத் தாய் திரேசம்மா வீட்டுக்குள்ளே சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே ஊர் என்ன செய்தது? கணக்கு எழுதியது. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“என்ன பூரணம், மருமேள் மாறிட்டாளோ?”

“என்னத்தை மாத்திறது அக்கா?”

“விளங்காத மாதிரிக் கேளாதை. சைவத்துக்குத்தான்.”

“அவ நேற்றுக் கோழிக்கூட்டு வலையை மாத்தினவ. வேறை ஒண்டும் மாத்தினதா எனக்குத் தெரியாது.”

அக்கா மூன்றாம் வரிசையில் இருக்கிறார், ஆகவே மெல்லச் சிரியுங்கோ. சரி, அவரே சிரிக்கிறார்; இனித் தாராளமாகச் சிரிக்கலாம்.

குருநகரிலும் இதே கேள்விதான், திசைதான் வேறு. “பெடியன் ஞானஸ்நானம் எடுத்திட்டானோ?” இங்கே வந்தால் எங்களுக்கு வரவு, அங்கே போனால் எங்களுக்குச் செலவு. எல்லோரும் கேட்டது ‘சேஞ்ச்’. பிகம் என்ற சொல்லை ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை எப்படி இருந்தாள்? மாலையில் நான் சாமி அறையில் விளக்கேற்றும்போது யன்னலடியில் நின்று தன் செபமாலையை உருட்டுவாள். என் தேவாரமும் அவளுடைய மங்கள வார்த்தைச் செபமும் ஒரே நேரத்தில் முடியும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. அவளுக்கு எங்கள் வீட்டில் சோற்றுக்குக் குறையில்லை, சொல்லுக்குக் குறையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்தால் அவளிடம் கதை இருக்காது. ரெலிபோனைப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள். பிறகும் நிமிர்த்திப் பார்ப்பாள். தாய் எடுக்கமாட்டாரா என்ற பார்வை அது. எனக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளைக்குத் தன் தாய் வேண்டும். எத்தனை மாமிமார் இருந்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீனும் இல்லை, முட்டையும் இல்லை. மீன் வியாபாரிகூட எங்கள் ஒழுங்கையில் ஹோர்ன் அடிக்காமல் போவார். வீடு கழுவி, முற்றம் தெளித்து, அம்மனுக்குப் பொங்க அரிசியும் களைந்து வைத்துவிட்டு நிமிர்கிறேன். படலை திறந்தது.

ஒரு அம்மா. ஒரு கையில் செபமாலை சுற்றியிருந்தது. மறு கையில் ஒரு பனையோலைப் பை. பையின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிறது. நான் கழுவித் தெளித்த வெள்ளிக்கிழமை முற்றத்தில், சொட்டுச் சொட்டாய் மீன் தண்ணீர்!

“டிலக்ஷியின்ரை அம்மா நான்,” என்றார். வாசலைத் தாண்டவில்லை. “இவர் விடியக் கரைக்கு வந்தவுடனை நல்ல பாரையாத் தெரிஞ்செடுத்தவர். ஒண்டும் கதைக்கேல்லை. பையை என்ரை கையிலை தந்திட்டு வலையைப் பாக்கத் தொடங்கிட்டார். ஆருக்கெண்டு நானும் கேக்கேல்லை. எனக்கு விளங்கிச்சுது. பஸ்ஸிலை கொண்டக்டர் சண்டை. ‘அம்மா, உந்தப் பையோடை முன்னுக்கு வராதேங்கோ’ எண்டான். ‘தம்பி, இது மீனில்லை, என்ரை மனுசன்ரை வாய்’ எண்டன். பெடிக்கு விளங்கேல்லை.”

சபையோரே, சற்று நில்லுங்கள். அந்த அம்மாவின் பக்கம் நின்று பாருங்கள். அது அவர்களுடைய தவக்காலம். தவக்கால வெள்ளியில் அவர்கள் இறைச்சியை ஒறுப்பார்கள். அன்றைக்கு மீன்தான் அவர்களுடைய விரதச் சாப்பாடு. ‘வெள்ளிக்கிழமை என் பிள்ளை மீனில்லாமல் இருப்பாளே’ என்ற தாய் மனதுதான் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியது. பக்தியோடு வந்தது பை. பக்தியோடு கழுவப்பட்டது முற்றம். இரண்டு பக்தியும் முட்டிக்கொண்டு நின்ற இடம் என் படலை!

சத்தம் கேட்டு டிலக்ஷி குசினி வாசலுக்கு ஓடி வந்தாள். “அம்மா!” என்றாள். பிறகு பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முன்னேயும் கால் எடுத்து வைக்கவில்லை, பின்னேயும் போகவில்லை.

மகளின் முகத்தைத் தாய் வாசித்துவிட்டார். ஈர முற்றத்தைப் பார்த்தார், என் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார், திண்ணமாக விளங்கிவிட்டது.

“ஐயோ… இண்டைக்கு வெள்ளியெல்லோ! எங்களுக்கு வெள்ளியெண்டால் மீன் எண்டுதான் யோசிச்சன். உங்களுக்கு வெள்ளியெண்டால் மீன் ஆகாதெண்டு யோசனை போகேல்லை. குறை நினையாதேங்கோ. பிள்ளையைக் கண்டிட்டன், அது காணும். நான் போட்டு வாறன்.”

பையைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு படலைப் பக்கம் திரும்பிவிட்டார்.

சொல்லுங்கள், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பின்னால் யாரோ ‘வாங்கியிருப்பம்’ என்கிறார். இப்போது சொல்வது சுகம், தம்பி! உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை முட்டைக்கோதுகூடக் கிடவாது, உங்கள் தாயை எனக்குத் தெரியும். மீனை உள்ளே எடுத்தால், நினைவு தெரிந்த நாள் முதல் நான் காத்த வெள்ளி போகும். மீனைத் திருப்பி அனுப்பினால், மகளின் பேரைச் சொல்லாத ஒரு தகப்பன் கடைசியில் மீனால் சொன்ன சொல் திரும்பிப் போகும். அதோடு அந்தத் தாயும் போவார். போனால் பிறகு வருவாரா? வரமாட்டார். வாசல்நிலையைப் பிடித்த அந்தப் பிள்ளையின் கை எத்தனை காலம் அதைப் பிடித்தபடியே இருக்கும்?

நான் அம்மனை நினைத்தேன். ‘தாயே, உன் நாளில் ஒரு தாய் வந்திருக்கிறாள்’ என்றேன். அதற்கு மேல் எனக்கு வேறு மந்திரம் வரவில்லை. ஓடிப்போய்ப் படலையைப் பிடித்தேன்.

“எங்கை போறியள்? மீனுக்குத்தான் நாள் பிழைச்சுப்போச்சு. உங்களுக்குப் பிழைக்கேல்லை. வாங்கோ சம்மந்தி.”

சம்மந்தி! அந்தச் சொல்லை எண்ணிச் சொல்லவில்லை. அது வந்துவிட்டது. சொன்ன எனக்கும் புதிது, கேட்ட அவருக்கும் புதிது. அவர் கண்ணிலிருந்தும் தண்ணீர், பையிலிருந்தும் தண்ணீர்.

என் வீட்டுக்காரர் பஞ்சலிங்கம் அந்த நேரம் தோட்டத்திலிருந்து வந்தார். பையை எட்டிப் பார்த்தார்.

“பூரணம், கண்ணாலை பாத்தால் விரதம் முறியுமோ?”

“பாக்கலாம். எச்சில் விழுங்கக்கூடாது.”

“அப்ப நான் கிணத்தடியிலை நிக்கிறன். அங்கை கொண்டுவாங்கோ, அங்கை சாமி அறை தெரியாது.”

திரேசம்மாதான் வழி சொன்னார். “சம்மந்தி, உங்களிட்டை உப்பிருக்கோ? உப்பிலை போட்டால் மீன் காத்துக்கொண்டிருக்கும். மற்ற நாளிலை காய வைச்சுக் கருவாடாக்கலாம்.”

வீட்டுக்குப் பின்னால், கிணற்றடிக்கும் அப்பால், தேசிக்காய் மரத்தின் கீழே அவர் இருந்து மீனைப் பிளந்தார். நான் மீனைத் தொடவில்லை. தண்ணீர் வார்த்தேன். அவர் செபமாலையைக் கழற்றிக் கிளையில் கொழுவினார். அதற்குப் பக்கத்துக் கிளையில், கோவிலுக்கென்று நான் கட்டிய பூமாலை தொங்கியது. அவர் வெட்டினார், நான் வார்த்தேன். அவர் உப்பை அள்ளினார், நான் சட்டியைப் பிடித்தேன். டிலக்ஷி இரண்டு பேருக்கும் நடுவில் குந்தியிருந்து, வேலை ஒன்றும் செய்யாமல், அழுதுகொண்டு சிரித்தாள். பிறகு நான் குளித்துத் தோய்ந்துவிட்டுப் பொங்கினேன். மத்தியானம் வாழையிலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினார்.

“இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. இந்தத் தவக்காலத்திலை என்ரை ஒறுத்தல் பெரிசாப் போச்சு சம்மந்தி,” என்று சிரித்தார்.

ஞாயிற்று வெயிலில் மீன் காய்ந்தது. காகம் கலைக்கும் உத்தியோகம் என் வீட்டுக்காரருக்கு. வேலிக்கு மேலால் எங்கள் சின்னத்தங்கம் அக்கா எட்டினார்.

“பூரணம், உங்கை என்ன மணம்?”

“கருவாடு ஆகுது அக்கா.”

“ஆரிட்டை வாங்கினது?”

“வாங்கேல்லை. சம்மந்தி வீட்டாலை வந்தது.”

அக்கா வெயிலில் கிடந்த மீனைப் பார்த்தார். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை.

“எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையுமன்,” என்றார்.

அந்தக் கருவாட்டைப் பொரித்து, ஒரு டப்பாவில் போட்டு, டிலக்ஷியிடம் கொடுத்து அனுப்பினேன். கடலிலிருந்து வந்தது கடற்கரைக்கே திரும்பிப் போனது. அன்று அவள் குருநகரிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். குரல் அழுகிறது.

“மாமி… அப்பா என்னோடை கதைச்சிட்டார்!”

“அம்மாளாச்சி! என்ன சொன்னவர் பிள்ளை?”

“‘உப்புக் கூடிப்போச்சு’ எண்டு சொன்னவர்.”

எத்தனை பேச்சு கேட்டிருக்கிறேன் இந்த மேடையில்! எத்தனை பொன்னாடை, எத்தனை கவிதை! ‘உப்புக் கூடிப்போச்சு’ என்ற அந்தச் சொல்லைப்போல் இனித்த சொல் என் காதில் இதுவரை விழவில்லை!

இப்போது சொல்லுங்கள். திரேசம்மா எனக்குச் சம்மந்தி ஆனது எப்போது? பதிவுத் திருமணத்தில் கையெழுத்து விழுந்தபோதா? படலையில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோதா? அவர் உப்பு கேட்டபோதா? எனக்குத் தெரியாது! பால் எந்த நேரத்தில் தயிராகிறது என்று சட்டிக்குப் பக்கத்தில் இருந்து கண்டவர் உண்டா? மூடி வைக்கிறோம். பொறுத்திருக்கிறோம். திறந்தால் ஆகியிருக்கிறது. அதுதான் பிகம்! அவர் தன் மாதாவை எந்தக் கொடியிலும் களைந்து போடவில்லை. நான் என் வெள்ளியை எந்தப் பஸ்ஸிலும் விட்டுவிட்டு இறங்கவில்லை. ஒருவரும் மாறவில்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் ஏதோ ஆகியிருக்கிறோம்!

அதன் பிறகுதான் ரீச்சர் வகுப்பில் ‘பிகேம்’ வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னார். உதயகலா ‘என் மகன் எஞ்சினியர் ஆனான்’ என்று எழுதினார். பெடியன் இன்னும் ஐந்தாம் வகுப்பு. தாயின் மனதில் அது நடந்து முடிந்துவிட்டது, ஆகையால் இறந்தகாலம் சரிதான். நான் எழுதினேன்: ‘ஷீ பிகேம் மை சம்மந்தி.’

ரீச்சர் என் கொப்பியை எடுத்தார். சிவப்புப் பேனையைத் திறந்தார். மூடினார்.

“ரீச்சர், சம்மந்திக்கு இங்கிலிஷிலை என்ன சொல்லு?” என்று கேட்டேன்.

“சரியான சொல்லு இல்லை… மாமி.” வகுப்பில் என்னை அவள் மாமி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

“அப்ப வசனம் பிழையோ?”

“இல்லை மாமி. அப்பிடியே இருக்கட்டும்.”

தாய்மாரே, நாளைக்கு உங்கள் படலையிலும் யாரோ வந்து நிற்பார்கள். வேறு ஊர், வேறு கோவில், வேறு பழக்கம், கையில் நாள் பிழைத்த ஒரு பையோடு நிற்பார்கள். மாறிவிட்டாயா என்று கேளாதேங்கோ. வரவா செலவா என்று எழுதாதேங்கோ. உள்ளே கூப்பிட்டு, உப்பை எடுத்துக் கொடுத்து, ஒரு வெயில் பொறுத்திருங்கோ. ஆக வேண்டியது ஆகும்!

இவ்வளவு நேரம் இந்தப் பேதையின் பேச்சைப் பொறுத்த தலைவருக்கும், கலகலப்பூட்டிய சின்னத்தங்கம் அக்காவுக்கும், ஒரு சொல்லை என் கையில் தந்து ஒரு உறவை விளங்கவைத்த ரீச்சருக்கும், முன்வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் என் சம்மந்தி திரேசம்மாவுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எங்கள் அம்மனும் அவர்களுடைய மாதாவும் இந்தச் சபையிலுள்ள எல்லாத் தாய்மாரையும் காக்கட்டும்.

கும்பிட்டு இறங்குமுன் இன்னும் ஒன்று. பின்வாசல் தூணோடு சாய்ந்து, உள்ளே வருவதா விடுவதா என்று தெரியாமல் தொடக்கத்திலிருந்தே நிற்கிறாரே ஒரு மனிதர், செபநாயகம் அவர்கள், உங்களைத்தான். கலியாணத்தன்று வெறுமையாகக் கிடந்த கதிரை இன்றைக்கும் உங்களுக்காகத்தான் கிடக்கிறது, டிலக்ஷிக்குப் பக்கத்தில். வந்து இருங்கோ சம்மந்தி. கூட்டம் முடியச் சாப்பாடு எங்கள் வீட்டில். இந்த முறை உப்புக் குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

எல்லோருக்கும் வணக்கம்.